தெருமுனைக் காடும் தீர்த்தக் கிணறும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் சென்னையின் பூங்காக்களும் தீர்த்தங்களும். காடு பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நாம் முதுமலைக்குப் புறப்படுகிறோம். தீர்த்தமாட வேண்டும் என்று தோன்றினால் ராமேசுவரத்துக்கு ரயில் ஏறுகிறோம். போய் வாருங்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாநகரப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் நமக்கு ஒரு காடு இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பாறையில் ஓர் ஊற்று இருக்கிறது. அவற்றைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? அந்தப் பக்கமாகப் போய்வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஓர் இடத்தை ரசிக்க எனக்குத் தெரிந்த வழி, அங்கே நின்று இரண்டு கேள்விகளைக் கேட்பது. இதை நமக்கு விட்டுவைத்தது யார்? இதில் இப்போது குடியிருப்பது யார்? முதல் கேள்வி நம்மை வரலாற்றுக்குக் கூட்டிப்போகும். இரண்டாவது கேள்வி மரத்திடமும் பறவையிடமும் தும்பியிடமும் கூட்டிப்போகும். ஒன்றை மட்டும் கேட்பவர்களும் உண்டு. கல்வெட்டைத் தேடுகிறவர் தலைக்கு மேல் கூவும் பறவையைக் கேட்பதில்லை. பறவையைத் தேடுகிறவர் காலடியில் கிடக்கும் கல்வெட்டைப் படிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எந்தச் சின்னப் பூங்காவும், எந்தப் பாழ்கிணறும் உங்களோடு பேசத் தொடங்கிவிடும்.

முதலில் கிண்டிக்குப் போவோம்.

கிண்டிப் பூங்கா என்றதும் நம் நினைவுக்கு வருவது சிறுவர் பூங்கா. ஊஞ்சல், பாம்புப் பண்ணை, பிள்ளைகளின் கூச்சல். அதற்கு அப்பால் இருக்கிறது காடு. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, ஒரு பக்கம் ஐஐடி, வாசலில் இரவு பகலாக ஓயாத சாலை. இப்படி ஒரு மாநகரத்தின் நடுவே தேசியப் பூங்கா வைத்திருக்கும் பாக்கியம் எத்தனை ஊர்களுக்கு உண்டு?

இதை விட்டுவைத்தது யார்? 1670-களில் வில்லியம் லாங்கார்ன் என்ற ஆங்கிலேய ஆளுநர் இந்தக் காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமும் ஓய்வு மாளிகையும் அமைத்தார். மீதிக் காடு பிற்காலத்தில் தனியார் ஒருவரின் உடைமையாக இருந்தது. 1821-ல் சென்னை அரசாங்கம் 35,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கியது. 1910-ல் 505 எக்டேர் காப்புக்காடாக ஆனது. வேட்டைக்காக வைத்திருந்த காடு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி பிடித்தவர்களும் தங்கள் காரியத்துக்காக மரத்தை நிற்க விட்டார்கள்.

நாடு விடுதலை பெற்றது. ஐஐடி வந்தது. சிறுவர் பூங்கா வந்தது. காந்தி மண்டபம் வந்தது. ராஜாஜி நினைவகமும் காமராசர் நினைவகமும் வந்தன. ஒவ்வொன்றும் நல்ல காரியம், யாரும் எதிர்த்துப் பேச முடியாத காரியம். ஆனால் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் இந்த வட்டாரத்துக் காட்டிலிருந்து ஒரு துண்டு போனது. 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 270 எக்டேர். 505-ல் 270. பாதிக்குச் சற்று மேல். கெட்டவர்களிடமிருந்து காட்டைக் காப்பது எளிது, நண்பர்களே. நல்ல காரியங்களிடமிருந்து காப்பதுதான் கடினம். ஏதோ ஒரு கட்டத்தில், ஏதோ ஒரு மேசையில், யாரோ ஒருவர் “போதும், இதற்கு மேல் வேண்டாம்” என்று எழுதியதால்தான் இன்று அங்கே மரங்கள் நிற்கின்றன.

சரி, குடியிருப்பது யார்?

முதலில் மரங்களைச் சொல்கிறேன். இது நம் கிழக்குக் கரைக்கே உரிய காடு. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில். அந்த வெயிலையும் தாங்க வேண்டும், பச்சையும் மாறக்கூடாது என்றால் மரம் என்ன செய்யும்? இலையைச் சிறிதாக்கிக்கொள்ளும், தடிப்பாக்கிக்கொள்ளும், மேலே மினுமினுப்பாக ஒரு பூச்சைப் பூசிக்கொள்ளும். களா, காரை, சூரை, வீரை, காயா என்று இந்த வகைக் காட்டுக்கென்று ஒரு மரக்கூட்டம் உண்டு. காயாம்பூ வண்ணன் என்று திருமாலை வருணிக்கிறோமே, அந்தக் காயாவைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அது இந்தக் கரையோரக் காட்டு மரம். நீலமும் ஊதாவுமாகக் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். இந்த வகைக் காடு நம் கடற்கரை மாவட்டங்களில் இன்று எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடிப் போங்கள். பெரும்பாலும் ஐயனார் கோயிலைச் சுற்றித்தான் இருக்கும். சாமி காடு, சுள்ளி ஒடிக்கக்கூடாது என்று நம் கிராமத்துக்காரர்கள் காத்து வைத்தது. கிண்டியில் அரசாணை செய்த வேலையை அங்கே ஐயனார் செய்திருக்கிறார்.

அடுத்து, வெளிமான். புள்ளிமானை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இன்னொன்று நிற்கும், அதைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு முதுகு கருத்திருக்கும், வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்பு திருகித் திருகி மேலே போகும். புள்ளிமான் தன் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க வைக்கும். வெளிமான் ஒருமுறை முளைத்த கொம்பை ஆயுள் முழுக்கச் சுமக்கும். புள்ளிமானுக்கு மர நிழல் வேண்டும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், தூரத்தில் வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே காட்டைக் காப்பது என்றால் எல்லா இடத்திலும் மரம் நடுவது என்று நினைத்துவிடாதீர்கள். புல்வெளியில் கன்று நட்டால் வெளிமானின் வீட்டைப் பறிக்கிறோம். ஆர்வத்தில் குழி தோண்டுகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கீரி இருக்கிறது, நரி இருக்கிறது, நட்சத்திர ஆமை இருக்கிறது. அவற்றை எல்லாம் விரிக்க நேரமில்லை. ஒரே ஒரு விருந்தாளியைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும்.

இது ஐப்பசி மாதம். இந்த மாதத்தில் வடக்கே இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவின் காடுகளிலிருந்தும் ஒரு பறவை புறப்பட்டு நம்மிடம் வருகிறது. ஆறுமணிக் குருவி. உருண்டையான உடம்பு, வால் என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்குக் குட்டை வால். முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்ற நீலம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, கண் வழியே கறுப்புப் பட்டை. இரவில் பறந்து வருகிறது. வந்து சேரும்போது களைத்துப்போய் எங்கே இறங்குகிறோம் என்று தெரியாமல் நம் மொட்டை மாடியில், வாகன நிறுத்தத்தில், சில சமயம் கூடத்துக்குள்ளேயே இறங்கிவிடும். உங்கள் வீட்டுக்கு அப்படி வந்தால் பதறாதீர்கள். பூனையும் காகமும் நெருங்காமல், இருட்டான அமைதியான மூலையில் ஓய்வெடுக்க விடுங்கள். தெம்பு வந்ததும் தானே போகும்.

அது ஏன் கிண்டிக்கும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் போகிறது, அலங்காரப் பூங்காக்களுக்குப் போவதில்லை? காரணம் சருகு. இந்தக் குருவி தரையில் தத்தித் தத்தி, சருகைப் புரட்டி, அதன் அடியில் இருக்கும் புழு பூச்சிகளைத் தின்று பிழைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பூங்கா என்றால் துப்புரவு என்று நினைத்து, விழுந்த இலை ஒவ்வொன்றையும் கூட்டி மூட்டை கட்டுகிறோம். இமயமலை அடிவாரத்திலிருந்து வந்த விருந்தாளியின் இலையை எடுத்துவிட்டு, வாங்க வாங்க என்று வரவேற்பதா? உங்கள் தெருப் பூங்காவில் ஒரு மூலையை, ஒரே ஒரு மூலையை, கூட்டாமல் விடச் சொல்லுங்கள். நான் இந்த மேடையிலிருந்து கேட்கும் முதல் வரம் இதுதான்.

இப்போது கிண்டியை விட்டு அடையாற்றங்கரைப் பக்கம் வாருங்கள். சின்னமலை.

கல்யாண வீட்டுக்குப் போவது போல் எல்லா மதத்தாரும் போய்வரும் இடம் அது. இயேசுவின் சீடர் தோமையார் இந்தக் குன்றின் குகையில் தங்கினார், செபித்தார், தம் பேச்சைக் கேட்க வந்தவர்கள் தாகத்தால் தவித்தபோது பாறையைத் தட்டினார், நீர் பெருகியது என்பது வழிவழி நம்பிக்கை. 1551-ல் போர்த்துகீசியர் அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். குகை இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். ஊற்றும் இருக்கிறது. நோய்நொடி தீர வேண்டும் என்று அந்தத் தண்ணீரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்களைப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவர் நெற்றியில் திருநீறு இருக்கும், இன்னொருவர் தலையில் குல்லா இருக்கும். தாகத்துக்கு ஏது சாதி, ஏது மதம்?

இந்த இடத்துக்கு யாத்திரிகர் வந்து சேர வழி அமைத்தவர் யார் தெரியுமா? ஓர் ஆர்மீனிய வணிகர். கோஜா பெட்ரஸ் உஸ்கான். சென்னைக்குப் பிழைக்க வந்த பெருவணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் கற்படிகளும் அவர் தந்தவை. அவர் கட்டிய பாலத்தின் இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. நாள்தோறும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறோம். ஊற்றுக்குப் போகிறவர்களின் கால் நனையாமல் இருக்க ஒருவர் தம் செல்வத்தைக் கரைத்தார் என்பது அந்தப் பாலத்தில் நெரிசலில் நிற்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பரங்கிமலை என்று சொன்னதும் அந்தப் பாறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1690-களில் அங்கே இறந்தார். அவர் கல்லறைமேல் வைத்த கல் எங்கிருந்து போனது? நம் பல்லாவரத்துப் பக்கத்துப் பாறையிலிருந்து. இருநூறு ஆண்டு கழித்து, 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பாறை வகைக்கு சார்னகைட் என்று பெயர் வைத்தார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது! இன்று உலகத்தில் எந்த நாட்டில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இப்படிப்பட்ட கெட்டிப் பாறைப் பகுதியில் ஊற்று எப்படி வருகிறது? பாறையின் உடம்பில் தண்ணீர் தங்காது. அதன் வெடிப்புகளில் தங்கும். மேலே பெய்த மழை வெடிப்பு வழியே இறங்கி, இடுக்குகளில் நிறைந்து, தாழ்வான இடத்தில் மெல்லக் கசியும். இப்படி விளக்கினால் நம்பிக்கை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. சொட்டுச் சொட்டாகக் கசியும் ஒரு சின்ன நீர்க்கண் நகரத்துக்கு நடுவே இத்தனை நூற்றாண்டு தூர்ந்துபோகாமல் இருப்பது எதனால்? அதைப் புனிதம் என்று நம்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து வாய் துடைத்து வைத்ததால். நீரைத் தந்தது பாறை என்று வைத்துக்கொண்டாலும், ஊற்றைத் தந்தது பக்தி.

அடுத்தது மயிலாப்பூர். மயிலையில் குளத்தைத் தெரியாதவர் இல்லை. நான் முதலில் ஒரு கிணற்றுக்கு அழைக்கிறேன்.

முதலாழ்வார்கள் மூவர். காஞ்சியில் ஒரு பொய்கையில் தாமரை மலரில் தோன்றினார் பொய்கையாழ்வார். மாமல்லபுரத்தில் குருக்கத்தி மலரில் தோன்றினார் பூதத்தாழ்வார். மூன்றாமவர் பேயாழ்வார் எங்கே தோன்றினார்? நம் மயிலாப்பூரில், ஒரு கிணற்றில், செவ்வல்லி மலரில். அருண்டேல் தெருவில் அந்தக் கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள். மூவருக்கும் ஐப்பசியில்தான் திருநட்சத்திரம். திருவோணம், அவிட்டம், சதயம் என்று அடுத்தடுத்த நாள். மூவரும் பின்னாளில் திருக்கோவலூரில் ஒரு மழை இரவில், ஓர் இடைகழியில் சந்தித்தார்கள் என்பது வரலாறு. கவனித்தீர்களா? பிறந்தது மழை மாதம். கூடியது மழை இரவு.

செவ்வல்லி கிணற்றில் பூக்குமா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அல்லிக்கு அடியில் சேறு வேண்டும், மேலே வெளிச்சம் வேண்டும், நீர் அதிக ஆழமாக இருக்கக்கூடாது. அப்படியானால் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிய மயிலைக்காரர்கள் எப்படிப்பட்ட கிணறுகளைப் பார்த்திருப்பார்கள்? வாய் அகன்று, வானம் விழுந்து, குனிந்து கையாலேயே அள்ளும் உயரத்தில் நீர் நின்ற கிணறுகளை. மயிலை கடலோர மணற்பரப்பு. மணல் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். கடலின் உப்புநீர் கனமானது, கீழே நிற்கும். மழையின் நன்னீர் அதைவிட லேசு, மேலே மிதக்கும். அளவோடு இறைத்தால் கடலருகிலும் தித்திப்பான தண்ணீர். ஆழ்துளை போட்டு உறிஞ்சினால், நன்னீர் இறங்க, உப்பு மேலே ஏறும். ஆழ்வார் கதையை நான் ஒரு நீர்மட்டக் குறிப்பாகவும் படிக்கிறேன். அதில் ஆழ்வாருக்கு எந்தக் குறையும் இல்லை. நமக்குத்தான் ஒரு கணக்கு சொல்லப்படுகிறது.

இன்று நம் கோயில் கிணறுகளில் பலவற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறோம். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறை சரி. ஆனால் வலைக்கு மேல் நெகிழி விரிப்பும் போட்டு, அதன் மேல் உடைந்த நாற்காலியையும் போட்டுவிடுகிறோமே, அது எந்த அக்கறை? வலை இருக்கட்டும். எட்டிப் பார்க்க வழி விடுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போனதை நாம் மறந்திருக்க முடியாது. குடத்தோடு தெருவில் நின்றோம். கோயில் கிணற்றில் நீர் எந்த வளையத்தில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்த தெருவுக்கு, வரப்போவது முன்கூட்டியே தெரியும்.

இனி கபாலி கோயிலுக்கு வருவோம். தைப்பூசத்தில் மூன்று நாள் தெப்பம் மிதக்கும் குளம். குளத்து நிலம் நவாப் காலத்தில் தரப்பட்டது என்று மயிலையில் வழிவழியாகச் சொல்கிறார்கள். முஹர்ரம் நாளில் இஸ்லாமியர் இந்தக் குளத்துக்கு வரும் வழக்கம் அதனால் ஏற்பட்டது என்பார்கள். ஒரு குளத்துக்கு இதைவிடப் பெரிய பட்டயம் வேண்டுமா?

கோயிலின் தல மரம் புன்னை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடியபோது, முதல் பாட்டிலேயே மயிலையின் கடற்கரைப் புன்னையைச் சொல்லிவிடுகிறார். அதே பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊரின் திருவிழாக்கள் வரிசையாக வருகின்றன. புன்னை கடற்கரைக்கென்றே பிறந்த மரம். உப்புக் காற்றுக்கு அஞ்சாது. தடித்த பளபளப்பான இலை, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ, உருண்டைக் காய். அந்தக் காயின் சதையை வௌவால் கொறித்துவிட்டு, கொட்டையை எங்கோ போட்டுவிட்டுப் போகும். அங்கே இன்னொரு புன்னை முளைக்கும். கோயில் பிராகாரத்தில் புன்னையடியில் நின்று, மயில் உருவில் அம்மை சிவனைப் பூசித்த சன்னிதியை வணங்குகிறோம். வணங்கிவிட்டு ஒருகணம் அண்ணாந்து பாருங்கள். பதிகம் பாடிய காலத்து மயிலைக் கடற்கரையின் ஒரு கிளை அங்கே நிற்கிறது.

குளத்தை எப்போது பார்ப்பது? பொழுது விடிந்து அரை மணிக்குள் பாருங்கள். பொரி போட்டு மீனைக் கூட்டாமல், கீழ்ப்படிக்கு இறங்கி உட்காருங்கள். கல்லின் பக்கச் சுவரைப் பாருங்கள், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. பழுப்பு நிறத்தில், காகிதம் போல், ஒரு பூச்சியின் கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு கால், உருண்டைக் கண்ணின் அச்சு, முதுகில் ஒரு கீறல். உள்ளே ஒன்றும் இல்லை. அது தும்பி கழற்றிப் போட்ட சட்டை. தும்பி தன் இளம்பருவம் முழுவதும் நீருக்குள்தான் வாழ்கிறது, கொசுப்புழுவைத் தின்கிறது. காலம் வந்ததும் இருட்டில் படியேறி, கல்லைப் பற்றிக்கொண்டு, முதுகைப் பிளந்து வெளியே வந்து, இறக்கை உலர்ந்ததும் பறந்துவிடும். நாம் குளிக்க வைத்த படி, அதற்குப் பிரசவ அறை. தண்ணீருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சொரசொரப்பு அதற்குத் தேவை. வழவழவென்று ஓடு பதித்துவிட்டால் அது எதைப் பற்றி ஏறும்? திருப்பணி செய்கிற பெரியோர்களை நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். குளத்தின் அடியில் சிமென்ட் போடாதீர்கள். பழைய கருங்கல்லை எடுத்துவிட்டுப் பளிங்கு போடாதீர்கள். தெருவில் விழும் மழை குளத்துக்கு வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று தேடுங்கள். அந்த வாய்க்காலைத் திறப்பதுதான் உண்மையான குடமுழுக்கு.

கிணறு வெட்டுவதை நம் முன்னோர் எவ்வளவு பெரிய அறமாக நினைத்தார்கள் என்பதற்குச் சென்னையைத் தாண்டி ஒரே ஒரு சான்று சொல்கிறேன். திருச்சிக்குப் பக்கத்தில் திருவெள்ளறை. பெருமாள் கோயிலை ஒட்டி ஒரு கிணறு, சுவஸ்திக வடிவில். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-ஐ ஒட்டி, கம்பன் அரையன் என்பவர் எடுப்பித்தது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று கல்வெட்டு பெயர் சொல்கிறது. நான்கு பக்கமும் படி இறங்குகிறது. ஒவ்வொரு படித்துறையும் முழங்கைபோல் மடங்கி இறங்குவதால், ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறையில் குளிப்பவருக்குத் தெரிய மாட்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்னால், குளிக்க வரும் பெண்ணின் மானத்தை எண்ணிக் கல்லை மடக்கிய மனம் ஒன்று இந்த மண்ணில் இருந்திருக்கிறது! அந்தக் கிணற்றுக் கல்வெட்டு, உலக வாழ்வு நிலையில்லாதது, இருக்கும்போதே அறம் செய்யுங்கள் என்று பாட்டாகவே சொல்கிறது.

நம் ஊரிலேயே ஏழுகிணறு இருக்கிறது. கோட்டைக்குக் குடிநீர் தர 1772-ல் ஏற்பட்ட ஏற்பாடு அது. வள்ளலார் வாழ்ந்த வீராசாமித் தெருவும் அந்தப் பகுதிதான். அதைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேச வேண்டும்.

ஆனால் ஒன்றை இன்று சொல்லாமல் இறங்க மாட்டேன். இடம் அப்படியே இருக்கும், குடியிருந்தவர் போய்விடுவார். அதுவும் நடக்கும். திருக்கழுக்குன்றம் நினைவிருக்கிறதா? மலைமேல் உச்சி வேளையில் பண்டாரம் சோறு வைக்க, இரண்டு கழுகுகள் வந்து உண்டுவிட்டுப் போகும். நம் தாத்தா பாட்டி காலம் முழுவதும் வந்தன. வெளிநாட்டார் எல்லாம் வந்து வியந்து எழுதினார்கள். மஞ்சள்முகப் பாறு என்ற பறவை அது. 1990-களின் இறுதியோடு அவை வருவது நின்றுவிட்டது. மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, வேதகிரீசுவரர் இருக்கிறார், பாறை இருக்கிறது. சோறு வைத்த இடமும் இருக்கிறது. இதை விட்டுவைத்தது யார் என்ற முதல் கேள்விக்கு அங்கே பதில் உண்டு. குடியிருப்பது யார் என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அதை நாம் கதையாகத்தான் சொல்ல முடிகிறது. கிண்டியின் வெளிமானையும் மயிலையின் தும்பியையும் அப்படிக் கதையாக்கிவிடலாமா?

அதனால்தான் ரசியுங்கள் என்று இத்தனை நேரம் மன்றாடுகிறேன். யாரும் எட்டிப் பார்க்காத கிணற்றைத் தூர்த்தால் கேட்க ஆள் இருக்காது. யாரும் பெயர் அறியாத மரத்தை வெட்டினால் அழ ஆள் இருக்காது. அடையாற்றின் பெரிய ஆலமரம் 1989-ல் புயல் காற்றில் அடிமரம் சாய்ந்தபோது ஊரே துடித்தது. ஏன்? தலைமுறை தலைமுறையாக அதன் நிழலில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள், முட்டுக் கொடுத்தார்கள். விழுதுகள் இன்றும் தோப்பாக நிற்கின்றன.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பூங்கா, ஒரு குளம் அல்லது கிணறு, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில், விட்டுவைத்தது யார் என்று எழுதுங்கள். பாட்டியிடம் கேளுங்கள், அர்ச்சகரிடம், கோயில் ஊழியரிடம், பாதிரியாரிடம், தர்காவில் இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். பூக்காரம்மாவிடம் கேட்க மறக்காதீர்கள். குளம் கடைசியாக எப்போது நிரம்பி வழிந்தது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வலது பக்கத்தில், குடியிருப்பது யார் என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். தேதி போடுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை நீர் எந்தப் படியில் நிற்கிறது என்று குறியுங்கள். மானுக்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். நெகிழிப் பையைத் தின்று புள்ளிமான்கள் மடிந்த ஊர் இது, கையில் பையே கொண்டு போகாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் சின்னமலை மெட்ரோ நிலையத்தின் வாசலில் இருப்பேன். ஊற்றைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிண்டிக்கு நடப்போம். ஆறுமணிக் குருவி வந்துவிட்டதா என்று சருகைக் கவனிப்போம். பேரப்பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஐப்பசி அல்லவா, குடையும் எடுத்து வாருங்கள்.